தன்வழங்கிவழித் தொடர்புப் பட்டியல் ஒத்திசைவில் கடவுச்சொல் சிக்கல்கள்: இடங்காணலும் தீர்வும்

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசியிலுள்ள தொடர்புப் பட்டியலை வணிக நிறுவனங்களின் மேகச் சேவைகளில் வைக்காமல், தமக்கென நிறுவிக்கொண்ட வழங்கியில் வைத்து ஒத்திசைப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் தடை ‘கடவுச்சொல் தவறு’ என்னும் அறிவிப்பாகும். அவ்வறிவிப்பு கடவுச்சொல்லைப் பற்றிய தீர்ப்பன்று. திறன்பேசிக்கும் கடவுச்சொல் சேமிப்பகத்துக்கும் இடைப்பட்ட கட்டங்களுள் ஏதோ ஒன்றில் முறிவு நேர்ந்துள்ளது என்பதற்கான பொது அடையாளமே அது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முறிவு நேர்ந்த கட்டத்தை அறிவதற்கு முன் கணக்கை நீக்குவதால் நேரும் தரவிழப்பும், தமிழில் அமைந்த கடவுச்சொற்களுக்கே உரிய குறியேற்றச் சிக்கல்களும் தனியே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொடர்புப் பட்டியல், ஒத்திசைவு, தன்வழங்கி, கார்ட்டாவ், கடவுச்சொல், ஒருங்குறி இயல்பாக்கம், களப்பணித் தரவு.

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல், கிளைமொழியியல், வாய்மொழி வரலாறு ஆகிய துறைகளில் களப்பணி மேற்கொள்ளும் ஆய்வாளரின் திறன்பேசியில் தகவலாளர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியன மட்டுமன்றித் தொழில், உறவுமுறை, சமூகம் பற்றிய குறிப்புகளும் பதிவாகியிருக்கும். ஆய்வேட்டில் தகவலாளரின் பெயரை மறைத்துக் குறிப்பிடும் ஆய்வாளர், அதே பெயரையும் எண்ணையும் வணிக நிறுவனமொன்றின் மேகக் கணக்கில் தம்மையறியாமலே பதிவேற்றிவிடுவதுண்டு. இம்முரண்பாட்டைத் தவிர்க்க விரும்பும் ஆய்வாளர்களும் துறைகளும் நெக்ஸ்ட்கிளவுட், ராடிகேல், பைக்கால் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தம் வழங்கியில் நிறுவித் தொடர்புப் பட்டியலைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பைத் தாமே ஏற்கும்போது பழுதுநீக்கலும் தம்மையே சேர்கிறது. வணிகச் சேவையில் கடவுச்சொல் ஏற்கப்படவில்லையெனில் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்னும் இணைப்பை அழுத்தினால் பெரும்பாலும் போதும். தன்வழங்கியில் அவ்வாறன்று. கடவுச்சொல்லில் எழுத்துப்பிழை ஏதுமின்றியே அது மறுக்கப்படுவதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவை அனைத்தையும் திறன்பேசி ஏறத்தாழ ஒரே தொடரால் அறிவிக்கிறது.

நெறிமுறையின் அமைப்பு

தொடர்புப் பட்டியல் ஒத்திசைவுக்குரிய பொது நெறிமுறை கார்ட்டாவ் ஆகும். இது 2011ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 6352 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. வழங்கியிலுள்ள கோப்புகளைத் தொலைவிலிருந்தே படிக்கவும் திருத்தவும் உதவும் வெப்டாவ் நெறிமுறையின் (ஆர்.எஃப்.சி. 4918, 2007) விரிவாக்கமே இது. ஒவ்வொரு தொடர்பும் வீகார்டு வடிவில் ஒரு தனிக் கோப்பாக வழங்கியில் இருக்கும். ‘ப்ராப்ஃபைண்ட்’ என்னும் கட்டளையால் திறன்பேசி பட்டியலின் நிலையை வினவும். வழங்கி 207 என்னும் எண்ணுடன் விடையளித்தால் வினவல் நிறைவேறியது என்பது பொருள்.

கார்ட்டாவுக்கெனத் தனியான அடையாளச் சரிபார்ப்பு முறை இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வலைத்தளங்களைச் சுமக்கும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் சரிபார்ப்பையே அது கடனாகப் பெறுகிறது. அவற்றுள் ‘பேசிக்’ (ஆர்.எஃப்.சி. 7617), ‘டைஜஸ்ட்’ (ஆர்.எஃப்.சி. 7616) என்னும் இரண்டும் பெருவழக்கின, இரண்டின் இன்றைய வரையறைகளும் 2015ஆம் ஆண்டில் வெளிவந்தவை. பேசிக் முறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒரு முக்காற்புள்ளியால் இணைக்கப்பட்டு, பேஸ்64 குறியேற்றத்தில் தலைப்பு வரியொன்றில் அனுப்பப்படுகின்றன. பேஸ்64 மறையாக்கமன்று, எவரும் நொடியில் திருப்பிப் படிக்கக்கூடிய எழுத்துமாற்றமே. ஆகவே இம்முறை எச்.டி.டி.பி.எஸ். என்னும் காப்புடைய இணைப்பின் வழியாக மட்டுமே பயன்படுத்தத்தக்கது. பழுதுநீக்க உதவி வேண்டிப் பிறருக்குப் பதிவேட்டை அனுப்புவோர் அத்தலைப்பு வரியை நீக்கிய பின்னரே அனுப்புதல் வேண்டும்.

வலைத்தளத்தில் ஒருமுறை நுழைந்தால் அமர்வு முடியும்வரை கடவுச்சொல் மீண்டும் கேட்கப்படுவதில்லை. கார்ட்டாவிலோ ஒவ்வொரு வினவலோடும் கடவுச்சொல் புதிதாக அனுப்பப்படுகிறது. பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் திறன்பேசி, மேசை அறைக்குள் கிடந்தாலும், குறித்த இடைவெளியில் தவறான கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டே இருக்கும். இவ்வியல்பின் விளைவு பின்னர் விளக்கப்படும்.

ஐஃபோனில் கார்ட்டாவ் வசதி உள்ளமைந்தே வருகிறது. ஆண்ட்ராய்டில் அது இல்லை. டாவ்எக்ஸ்5 போன்ற செயலி தேவைப்படுகிறது. டாவ்டிராய்டு என்னும் பெயரில் 2013இல் தோன்றி 2018இல் பெயர்மாறிய கட்டற்ற செயலி இது.

கணக்கை நீக்குதலின் ஆபத்து

ஒத்திசைவு நின்றதும் பலர் முதலில் செய்வது, திறன்பேசியிலுள்ள கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பதாகும். பழுதுநீக்கத்தில் இதைவிடக் கேடு விளைவிக்கும் செயல் வேறில்லை. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஒரு கணக்கை நீக்கினால் அக்கணக்கைச் சார்ந்த தொடர்புகள் அனைத்தும் திறன்பேசியிலிருந்து நீங்கிவிடும். வழங்கியில் படி இருப்பவை மீண்டும் வந்துசேரும். ஆனால் சரிபார்ப்பு தடைப்பட்டிருந்த நாள்களில் புதிதாகச் சேர்க்கப்பட்டவையும் திருத்தப்பட்டவையும் வழங்கிக்குச் சென்றிரா. அவற்றின் ஒரே படி திறன்பேசியில் இருப்பதே. மூன்று வாரக் களப்பணியில் சேர்த்த தகவலாளர் எண்கள் மூன்று வாரமாகக் கடவுச்சொல் மறுக்கப்பட்டு வந்த கணக்கில் இருந்தால், ‘நீக்கு’ என்னும் ஒரே அழுத்தத்தில் அவை முற்றாக அழியும்.

எனவே கடவுச்சொல்லைத் தொடுவதற்கு முன் தொடர்புகளை வீகார்டு கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுதல் முதற்படியாகும். ஏற்றுமதிக் கோப்பில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையையும், அண்மையில் சேர்த்த ஒரு பெயர் அதில் உள்ளதா என்பதையும் சரிபார்த்தல் நலம். அக்கோப்பு எவ்விதக் காப்புமற்றது என்பதால் பணி முடிந்ததும் அதனை அழித்துவிட வேண்டும். கடவுச்சொல்லை மாற்றுவதற்குக் கணக்கை நீக்கத் தேவையில்லை. டாவ்எக்ஸ்5 செயலியின் கணக்கு அமைப்புகளிலும் ஐஃபோனின் கணக்குப் பக்கத்திலும் கடவுச்சொல்லை மட்டும் திருத்துவதற்கு இடம் உண்டு.

புதிய தொடர்புகள் வழங்கிக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டனவா என்பதையும் இந்நிலையிலேயே காணலாம். திறன்பேசியின் உள்நினைவகமோ வேறொரு கணக்கோ இயல்பிருப்பாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தால், கடவுச்சொல்லில் குறையேதுமின்றியே அவை வழங்கியைச் சேரா.

401 என்னும் எண்

வழங்கியின் பதிவேட்டில் காணப்படும் எண்ணே முதற்சான்று. 401 என்பது அடையாளம் நிறுவப்படவில்லை என்பதைக் குறிக்கும். 403 என்பது அடையாளம் எதுவாயினும் அச்செயலுக்கு இசைவில்லை என்பதைக் குறிக்கும். 404 என்பது கேட்ட முகவரி இல்லை என்பதாகும். 429 என்பது அளவுக்கு மீறிய முயற்சிகளால் வந்த தடை. இந்நான்கையும் சில திறன்பேசிச் செயலிகள் ‘கணக்கைச் சரிபார்க்க இயலவில்லை’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றன. பயனர் அதனைக் கடவுச்சொல் தவறென்றே புரிந்துகொள்கிறார்.

பதிவேட்டில் 401 இருப்பது மட்டுமே பிழைக்குச் சான்றாகாது. பல செயலிகள் முதல் வினவலைக் கடவுச்சொல்லின்றி அனுப்பும்; வழங்கி 401 எண்ணுடன் ‘சான்று தருக’ எனக் கேட்கும்; அடுத்த வினவலில் சான்று அனுப்பப்பட்டு 207 விடையாக வரும். இவ்விணை இயல்பானது. 401ஐத் தொடர்ந்து மீண்டும் 401 வருவதே நோய்க்குறி.

401 விடையோடு ‘ரெல்ம்’ என்னும் எல்லைப்பெயர் ஒன்றும் வழங்கியிலிருந்து வருகிறது. மறுத்தவர் யார் என்பதை இப்பெயர் காட்டிக்கொடுக்கும். ராடிகேல் தன் பெயரையே எல்லைப்பெயரில் கொண்டிருக்கும். பைக்கால் ‘பைக்கால்டாவ்’ என்னும் பெயரை இயல்பிருப்பாகத் தரும். இவற்றுக்கு மாறாக வேறொரு பெயர் வருமெனில், கடவுச்சொல்லைக் கேட்பது தொடர்புப் பட்டியல் மென்பொருளன்று. அதற்கு முன்னால் நிற்கும் முகப்பு வழங்கி எனத் தெளியலாம். கூடுதல் காப்புக்கென முகப்பு வழங்கியிலும் ஒரு கடவுச்சொல்லை இட்டு வைப்பவர்கள் உண்டு. ஒரு வினவலில் ஒரு சான்றுத் தலைப்பு வரிக்கே இடமுண்டு ஆதலின், இரு வாயில்களும் வெவ்வேறு கடவுச்சொற்களைக் கேட்டால் திறன்பேசியால் ஒன்றையே நிறைவு செய்ய இயலும். நன்னோக்கத்துடன் செய்யப்பட்ட இக்காப்பு ஒத்திசைவை முற்றாக முடக்கிவிடுகிறது. எல்லைப்பெயரைக் காண்பதற்குக் கணினியில் கர்ல் என்னும் கட்டளைக் கருவி போதும். அதே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு ப்ராப்ஃபைண்ட் கட்டளையைக் கணினியிலிருந்து அனுப்பி 207 பெற்றால் வழங்கிப்பக்கம் குறையற்றது. சிக்கலைத் திறன்பேசியில் தேடலாம்.

404 வருமிடத்துப் பெரும்பாலும் முகவரியே காரணம். வழங்கியின் பெயரை மட்டும் கொடுத்தால், ‘வெல்-நோன்’ என்னும் நிலையான பாதையைத் தட்டிப் பட்டியலின் உண்மை இடத்தைக் கண்டறியும் முறை 2013ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 6764இல் வரையறுக்கப்பட்டது. அப்பாதைக்குரிய திசைமாற்றத்தை வலைவழங்கியில் அமைக்க மறந்துவிட்டால், பெயரை மட்டும் கேட்கும் ஐஃபோன் பட்டியலைக் காணாமல் கணக்கைச் சரிபார்க்க இயலவில்லை என்னும். திசைமாற்றம் வேறொரு வழங்கிப்பெயருக்கு இட்டுச் சென்றாலும் இடர் உண்டு. அயல் வழங்கிக்குக் கடவுச்சொல்லைக் கையளிப்பது ஆபத்தாதலின் செயலிகள் பல அங்கே சான்றுத் தலைப்பைக் கைவிட்டுவிடும். சரியான கடவுச்சொல் உடையவரும் 401 பெறுவார். முழு முகவரியை நேரடியாக இட்டுப் பார்த்தால் இவ்விரண்டும் வெளிப்படும்.

பயனர்பெயரின் பங்கும் சிறிதன்று. நெக்ஸ்ட்கிளவுடில் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டும் நுழையலாம். ஆயினும் பட்டியலின் பாதையில் இடம்பெறுவது உள்ளகப் பயனர் அடையாளமே. பல்கலைக்கழகப் பயனர் கோப்பகத்தோடு இணைக்கப்பட்ட நிறுவலில் அவ்வடையாளம் எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட தொடராக இருத்தலும் கூடும். அதனை ஊகித்து எழுதாமல், வலைப்பக்கத்தின் தொடர்புகள் பகுதி காட்டும் இணைப்பை அப்படியே படியெடுத்தல் நன்று. படியெடுக்கையில் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடமும், தட்டச்சுப் பலகை தானாக மாற்றும் பெரிய எழுத்தும் கண்ணுக்கு எளிதில் படாத குற்றவாளிகள்.

சான்றிதழ்ச் சிக்கலை நீளப் பேசத் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாள் செல்லுபடியாகும். தானியங்கிப் புதுப்பித்தல் நின்றிருந்தால் இணைப்பே ஏற்படாது, கடவுச்சொல் அனுப்பப்படவும் மாட்டாது. வழங்கியின் அணுக்கப் பதிவேட்டில் திறன்பேசியின் சுவடே இராமை இதற்கு அடையாளம்.

இருபடிச் சரிபார்ப்பும் செயலிக் கடவுச்சொல்லும்

வலைப்பக்கத்தில் ஏற்கப்படும் கடவுச்சொல் திறன்பேசியில் மறுக்கப்படுவது பயனரை மிகவும் குழப்பும் நிலையாகும். நெக்ஸ்ட்கிளவுடில் இதற்குத் தலையாய காரணம் இருபடிச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லை அடுத்து ஆறிலக்க எண்ணைக் கேட்பதற்குரிய உரையாடல் கார்ட்டாவில் இல்லை. ஆகவே இருபடிச் சரிபார்ப்பு இயக்கப்பட்ட கணக்கில் முதன்மைக் கடவுச்சொல்லைக் கொண்டு ஒத்திசைவு செய்ய மென்பொருள் இடந்தருவதில்லை. நிறுவனத்தின் ஒற்றை நுழைவு முறைவழி மட்டுமே உட்செல்லும் பயனருக்கு அவ்வழங்கியில் கடவுச்சொல்லே இராது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்விரு நிலைகளிலும் பயன்படுவது செயலிக் கடவுச்சொல். வலைப்பக்கத்தின் பாதுகாப்பு அமைப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றென இதனை உருவாக்கலாம். ஐந்தைந்து எழுத்துகளாகச் சிறுகோட்டால் பிரிக்கப்பட்டுத் தோன்றும் இது ஒரே ஒருமுறைதான் காட்டப்படும்; பின்னர் மீட்டுப் பார்க்க வழியில்லை. டாவ்எக்ஸ்5 செயலியில் நெக்ஸ்ட்கிளவுடுக்குரிய நுழைவு வழியைத் தெரிந்தால், உலாவியில் ஒப்புதல் அளித்த அளவில் செயலிக் கடவுச்சொல் தானாகவே உருவாகித் திறன்பேசியில் பதிவாகும்.

பயனில்லாதவை எனக் கருதிப் பழைய அமர்வுகளைப் பட்டியலிலிருந்து துப்புரவு செய்வோர், இயங்கிக்கொண்டிருக்கும் திறன்பேசியின் செயலிக் கடவுச்சொல்லையும் சேர்த்து நீக்கிவிடுவதுண்டு. உருவாக்கும்போதே கருவியின் பெயரை இட்டு வைத்தால் இப்பிழை நேராது.

வழியில் தொலையும் சான்று

எல்லாப் பயனர்க்கும் ஒரே நாளில் ஒத்திசைவு நின்று, வலைப்பக்க நுழைவு மட்டும் குறையின்றி இயங்குமாயின் ஐயத்தை வலைவழங்கியின்பால் திருப்ப வேண்டும். பி.எச்.பி. மொழியிலமைந்த மென்பொருளை அப்பாச்சி வலைவழங்கி சி.ஜி.ஐ. அல்லது ஃபாஸ்ட்-சி.ஜி.ஐ. முறையில் இயக்கும்போது, காப்பு கருதிச் சான்றுத் தலைப்பு வரியை இயல்பிருப்பாக மென்பொருளுக்குக் கடத்துவதில்லை. திறன்பேசி கடவுச்சொல்லை அனுப்புகிறது, வலைவழங்கி பெறுகிறது, மென்பொருளுக்கோ அது வந்துசேர்வதேயில்லை. வலைப்பக்க நுழைவு தலைப்பு வரியைச் சாராமல் படிவத்தின் வழி நிகழ்வதால் அது பாதிக்கப்படுவதில்லை. அப்பாச்சியின் 2.4.13 பதிப்பு முதல் அத்தலைப்பைக் கடத்துவதற்கெனவே ஓர் அமைப்புக் கட்டளை உள்ளது. முந்தைய பதிப்புகளில் சூழல் மாறியாக மாற்றிக் கடத்தும் வழி கையாளப்பட்டது. வழங்கியை இடமாற்றிய பின்னரோ பி.எச்.பி. இயங்குமுறையை மாற்றிய பின்னரோ இச்சிக்கல் தலைகாட்டும்.

என்ஜின்எக்ஸ் முகப்பு வழங்கியாக இருப்பின் ஒரு நற்பயன் உண்டு. பேசிக் முறையில் அனுப்பப்பட்ட பயனர்பெயரை அதன் அணுக்கப் பதிவேடு, சரிபார்ப்பின் முடிவைப் பொருட்படுத்தாமல், குறித்து வைக்கும். பெயர் பதிவாகியிருந்தால் திறன்பேசி தன் கடமையைச் செய்துவிட்டது. தேட வேண்டிய இடம் முகப்பு வழங்கிக்கு அப்பால் உள்ளது.

சேமிப்பகத்தில் நேரும் மாற்றங்கள்

கடவுச்சொல்லை எவரும் மாற்றாமலே அது செல்லாததாகிவிடும் நிலை பைக்காலில் தெளிவாகப் புலப்படும். டைஜஸ்ட் முறைக்கு ஏற்ப அம்மென்பொருள், பயனர்பெயர், எல்லைப்பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் இணைத்துப் பெறும் எம்.டி.5 ஹாஷ் மதிப்பையே சேமிக்கிறது. மேலாண்மைப் பக்கத்தில் எல்லைப்பெயரைத் துறையின் பெயராக மாற்றுவது அழகுபடுத்தும் செயலாகத் தோன்றும். ஆயின் அதன்பின் கணக்கிடப்படும் மதிப்பு சேமித்த மதிப்போடு ஒருபோதும் பொருந்தாது. அனைவரின் கடவுச்சொல்லும் ஒரே நொடியில் பொய்த்துவிடும். பழைய எல்லைப்பெயரை மீட்டமைத்தால் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும். காரணம் அறியாமல் ஒவ்வொருவர்க்கும் புதிய கடவுச்சொல் வழங்கியிருந்தாலோ, பெயரை மீட்டமைக்கும்போது அவை அனைத்தும் மீண்டும் செல்லாதவையாகும்.

ராடிகேலின் வரலாறு வேறு வகையினது. அமைப்புக் கோப்பில் எதுவும் குறிப்பிடாதபோது அதன் முந்தைய பதிப்புகள் எப்பயனர்பெயரையும் எக்கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டன. 3.5.0 பதிப்பு முதல் இயல்பிருப்பு அனைவரையும் மறுப்பதாக மாற்றப்பட்டது. மேம்படுத்திய மறுநாள் ‘கடவுச்சொல் தவறு’ எனக் காண்பவர் பலர், அதுவரை தம் கடவுச்சொல் சரிபார்க்கப்படவேயில்லை என்பதை அன்றே அறிய நேர்கிறது. தகவலாளர் தரவைக் காப்பதற்கெனவே தன்வழங்கியை நாடிய ஒருவர்க்கு இது பழுதைவிடப் பெரிய செய்தி. வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லை ஒருமுறை இட்டு, வழங்கி மறுக்கிறதா எனப் பார்ப்பது எந்நிறுவலிலும் செய்யத்தக்க சோதனையாகும்.

தமிழில் அமைந்த கடவுச்சொற்கள்

தமிழ் எழுத்துகளால் கடவுச்சொல் அமைப்பதற்குத் தடையில்லை. ஆங்கில அகராதிச் சொற்களை வரிசையாக இட்டுப் பார்க்கும் தாக்குதலுக்கு அது எளிதில் இரையாகாது என்பதால் விரும்புவோரும் உண்டு. ஆயினும் கணினியில் ஏற்கப்பட்ட அதே தமிழ்ச்சொல் திறன்பேசியில் மறுக்கப்படும் வாய்ப்பு உள்ளது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு எழுத்துத் தொடர்கள் கணினிக்கு வெவ்வேறு பைட்டுத் தொடர்களாக இருக்கக்கூடும் என்பதே காரணம்.

‘பொன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் அமையலாம். எகரக் கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து வந்த இரு குறியீடுகளாகவும் அமையலாம். முதல் வகையில் ‘பொன்’ நான்கு குறியீடுகளால் ஆனது. இரண்டாம் வகையில் ஐந்து. யு.டி.எஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு கொள்ளுமாதலின் முன்னது 12 பைட்டு, பின்னது 15 பைட்டு. ஒரு பைட்டு மாறினாலும் ஹாஷ் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். இவ்விரு வடிவங்களும் நிகரானவை என ஒருங்குறி வரையறுக்கிறது, என்.எஃப்.சி. எனப்படும் இயல்பாக்கத்தால் இரண்டையும் ஒன்றாக்கலாம். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முன் இவ்வியல்பாக்கத்தைச் செய்ய வேண்டுமென 2017ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 8265 நெறிப்படுத்துகிறது. பேசிக் முறைக்கான 2015ஆம் ஆண்டு ஆவணமும், யு.டி.எஃப்-8 வேண்டும் என வழங்கி அறிவித்தால், செயலி என்.எஃப்.சி. வடிவில் அனுப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கு முந்திய 1999ஆம் ஆண்டு வரையறையில் குறியேற்றம் இன்னதென்றே கூறப்படவில்லை. எனவே வழங்கி மென்பொருள், செயலி ஆகிய இரண்டில் ஒன்று இயல்பாக்கத்தைப் புறக்கணித்தாலும் முரண்பாடு எழும்.

இயல்பாக்கத்தாலும் தீராத வடிவங்கள் உள்ளன. ஔகார உயிர்மெய்யைத் தட்டச்சிடுகையில் ஔகாரக் குறிக்கு மாறாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் இட்டு ‘கெளதமன்’ என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. பல எழுத்துருக்களில் இது ‘கௌதமன்’ என்பதினின்று வேறுபட்டுத் தோன்றாது. இவை நிகரான வடிவங்களல்ல, எழுத்தே வேறு. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தும் இத்தகையதே. 2005ஆம் ஆண்டு ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட மற்றொரு சகர வடிவத்தைக் கொண்டு ஒரு பலகையும், ஸகரத்தைக் கொண்டு மற்றொரு பலகையும் அதனை உருவாக்கலாம். தோற்றம் ஒன்று, பைட்டுகள் வேறு. ககரமும் தமிழ் எண் ஒன்றும், அகரமும் தமிழ் எண் எட்டும் தம்முள் மயங்குவதும், ‘க்’, ‘ஷ’ இரண்டையும் சேரவிடாமல் பிரிப்பதற்கு இடப்படும் கட்புலனாகா இணைப்பறு குறியும் இவ்வரிசையில் வைக்கத்தக்கன. கடவுச்சொல் பெட்டியில் எழுத்துகள் புள்ளிகளாக மறைக்கப்படுவதால் தவறு கண்ணில் படவும் வழியில்லை.

மற்றொரு வரம்பும் தமிழுக்கு நெருக்கமானது. பிகிரிப்ட் என்னும் ஹாஷ் முறை கடவுச்சொல்லின் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கருத்தில் கொள்ளும். ஆங்கிலத்தில் அது 72 எழுத்து. தமிழில் 24 குறியீடுகள். மெய்யெழுத்து ஒன்றே அகரமேறிய எழுத்து, புள்ளி என இரு குறியீடுகளாகும் என்பதால் இருபத்து நான்கு குறியீடுகள் மூன்று நான்கு சொற்களிலேயே முடிந்துவிடலாம். நீண்ட தொடரைக் கடவுச்சொல்லாக வைப்பவர், அதன் பிற்பகுதி எவ்விதப் பங்குமின்றிக் கிடப்பதை அறியார். அப்பகுதியைத் தவறாக இட்டாலும் பல மென்பொருள்கள் ஏற்றுக்கொள்ளும். இது பழுதாக வெளிப்படாத குறை. அதனாலேயே கவனிக்கப்படாமல் நீடிக்கிறது.

வலைப்பக்க நுழைவுக்குத் தமிழ்க் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, ஒத்திசைவுக்கு மட்டும் மென்பொருள் உருவாக்கித் தரும் செயலிக் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது இச்சிக்கல்கள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும். ராடிகேல், பைக்கால் போன்றவற்றில் செயலிக் கடவுச்சொல் ஏற்பாடு நெக்ஸ்ட்கிளவுடில் உள்ளவாறு இல்லை. அங்கே ஒத்திசைவுக் கடவுச்சொல்லை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் அமைப்பதே தக்கது. மொழிப்பற்றுக்கு இது இழுக்கன்று. குறியேற்ற நெறிகளை மென்பொருள்கள் சீராகப் பின்பற்றாத வரை கொள்ள வேண்டிய எச்சரிக்கை.

பொது முகவரியும் கூட்டுத் தடையும்

கல்லூரி வளாகத்தில் நூற்றுக்கணக்கான திறன்பேசிகள் ஒரே பொது ஐ.பி. முகவரியின் வழியாக வெளியுலகை அணுகுகின்றன. வழங்கிக்கு அவையனைத்தும் ஒரே ஆளாகவே தோன்றும். ஃபெயில்டுபேன் என்னும் காவல் மென்பொருள், இயல்பிருப்பில், 10 நிமிடத்துக்குள் ஐந்து தவறான முயற்சிகள் வந்த முகவரியை 10 நிமிடம் தடைசெய்யும். பழைய கடவுச்சொல்லோடு மேசை அறைக்குள் கிடக்கும் ஒரு திறன்பேசி துறை முழுமைக்கும் வாயிலை அடைத்துவிடுவது இவ்வாறே. அலைபேசித் தரவில் இயங்கும் ஒத்திசைவு வளாக வைஃபையில் இயங்கவில்லையெனில், கடவுச்சொல்லை விட்டுத் தடைப்பட்டியலை நோக்க வேண்டும்.

நெக்ஸ்ட்கிளவுடின் உள்ளமைந்த காப்பு இதனினும் நுண்ணிது. தவறான முயற்சிகள் பெருகப் பெருக அம்முகவரிக்கு விடையளிப்பதை 25 நொடி வரை தாமதப்படுத்தி, அதற்கு மேல் 429 எண்ணால் மறுக்கும். தாமதத்தைப் பொறுக்காத செயலி இணைப்பைத் துண்டித்துக்கொள்ள, பயனர் மீண்டும் மீண்டும் முயன்று நிலைமையை மோசமாக்குவார். முகப்பு வழங்கி ஒன்று இடையில் இருந்து, அதனை நம்பத்தக்கதென அமைப்புக் கோப்பில் குறிக்காமல் விட்டால், உலகின் எம்மூலையிலிருந்து வரும் முயற்சியும் முகப்பு வழங்கியின் முகவரியிலிருந்து வந்ததாகவே எண்ணப்படும். அந்நிலையில் ஒருவரின் பிழைக்கு எல்லாப் பயனரும் தாமதத்தைச் சுமப்பர். மென்பொருளின் பதிவேட்டில் தோல்வியுற்ற நுழைவு ஒவ்வொன்றோடும் ஐ.பி. முகவரி குறிக்கப்படும், எல்லாவற்றிலும் உள்வலையமைப்பின் ஒரே முகவரி காணப்பட்டால் குறை இதுவே. மேலாண்மைக் கட்டளையால் குறித்த முகவரியின் தடையை நீக்கலாம். பழைய கடவுச்சொல்லை அனுப்பும் கருவியைக் கண்டுபிடிக்காமல் நீக்கினால் சற்று நேரத்தில் அது திரும்பிவிடும்.

மாற்றும் வரிசை

கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டிய சூழல்களும் உண்டு: திறன்பேசி தொலைதல், திட்டப் பணியாளர் விலகுதல், கடவுச்சொல் பிறர்க்குத் தெரிந்துவிட்டதென்னும் ஐயம். தொலைந்த கருவியாயின் அதன் செயலிக் கடவுச்சொல்லை அக்கணமே நீக்க வேண்டும். மற்றைய சூழல்களில் வரிசை முதன்மை பெறுகிறது. ஒவ்வொரு திறன்பேசியிலும் இறுதி ஒத்திசைவை நிகழ்த்தி, அண்மைத் தொடர்பொன்று வழங்கியின் வலைப்பக்கத்தில் தோன்றுவதை உறுதிசெய்த பின்னரே மாற்றத்தைத் தொடங்கலாம். அடுத்துக் கருவிக்கொன்றாகப் புதிய செயலிக் கடவுச்சொல்லை உருவாக்கி, கணக்கை நீக்காமல் அமைப்புகளில் திருத்திக்கொள்ள வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடின் கருவிகள் பட்டியல் ஒவ்வொரு செயலிக் கடவுச்சொல்லும் கடைசியாகப் பயன்பட்ட நேரத்தைக் காட்டும். புதியவை அனைத்துக்கும் நேரம் பதிவாகிப் பழையவற்றின் நேரம் நகராமல் நின்றால் பழையவற்றை நீக்கலாம். பழைய ஒன்றன் நேரம் மட்டும் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால், திருத்தப்படாத கருவி ஒன்று எங்கோ இயங்குகிறது. அதன் பொறுப்பாளர் களத்தில் இருப்பாராயின் அவர் திரும்பித் தம் தொடர்புகளை ஒத்திசைக்கும் வரை அப்பழைய கடவுச்சொல்லை விட்டுவைத்தல் வேண்டும்.